வாளித் தாத்தா காட்டிய ஊர்

ஈப்போவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவே அமுதன் ஒரு பட்டியலைத் தயாரித்து வைத்திருந்தான். கைப்பேசியில் தேடித் தேடி எடுத்த பதினோர் இடங்கள் அதில் இருந்தன. ஒவ்வோர் இடத்திற்கும் எதிரே எத்தனை மணிக்குப் போவது, எங்கே நின்று படம் எடுப்பது என்பதுகூடக் குறிக்கப்பட்டிருந்தது. தாத்தா அதை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால், ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறவன் வாளி. அவன் எங்கே அழைத்துப் போகிறானோ அங்கேதான் போக வேண்டும்."

வாளி என்பது தாத்தாவின் நண்பருடைய பட்டப்பெயர். இருவரும் இளைஞர்களாக இருந்தபோது பேராக் மாநிலத்தின் தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பலில் வேலை செய்தவர்கள். கப்பலில் ஒரே பெயருடையவர்கள் மூன்று நான்கு பேர் இருந்ததால், ஆளுக்கொரு பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மண்ணை அள்ளும் வாளிகளுக்கு எண்ணெய்ப் பசை தடவியவர் வாளி ஆனார். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த தாத்தா நெட்டை ஆனார். 1982-ஆம் ஆண்டு அந்தக் கப்பல் வேலையை நிறுத்தியதும் நெட்டை கிள்ளான் துறைமுகத்தில் வேலை தேடிச் சென்றார். வாளி ஈப்போவிலேயே தங்கிவிட்டார். அதன் பின்னர் இருவரும் திருமணங்களிலும் துக்க வீடுகளிலும்தான் சந்தித்துக்கொண்டார்கள். கடைசியாகச் சந்தித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், ஞாயிறு இரவு தொலைபேசி உரையாடல் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்சார இரயிலில் ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் தாத்தா சன்னலோரத்திற்கு மாறி உட்கார்ந்தார். கம்பாரை நெருங்கும்போது வலப்பக்கத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் தென்படத் தொடங்கின. தட்டையான நிலத்திலிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் குன்றுகள் அவை. உச்சியில் அடர்ந்த காடு. பக்கங்களில் செங்குத்தான வெண்பாறை. குன்றுகளுக்கு இடையிடையே குளங்கள் பளபளத்தன.

"இத்தனை குளங்களை யார் வெட்டினார்கள், தாத்தா?" என்று கேட்டான் அமுதன்.

"நாங்கள்தான்," என்றார் தாத்தா.

ஈப்போ நிலையத்தில் இறங்கியபோது வாளித் தாத்தா மேடையிலேயே காத்திருந்தார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தார். அவருடைய முழங்கையைப் பற்றியபடி பேத்தி கயல் நின்றிருந்தாள். அவர் வலக்கையில் ஒரு வெள்ளைக் கோல் இருந்தது. அதைப் பார்த்ததும் தாத்தாவின் நடை நின்றுவிட்டது. பின்னால் வந்த அமுதன் அவர் முதுகில் மோதிக்கொண்டான்.

"நெட்டை, வந்துவிட்டாயா?" என்று வாளித் தாத்தா காற்றில் கையை நீட்டினார். கை சற்றே தவறான திசையில் நீண்டது. தாத்தா ஓடிச் சென்று அதைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போதிலிருந்து?"

"நான்கு வருடமாயிற்று. எல்லாம் இந்தச் சர்க்கரை நோய் செய்த வேலை. முதலில் மங்கல், பிறகு இருட்டு."

"நான்கு வருடமாக ஞாயிறுதோறும் பேசினோமே! ஏன்டா சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். தொலைபேசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? சரி, நேரமாகிறது. பையனுக்கு ஊரைக் காட்ட வேண்டும்."

கண் தெரியாதவர் எப்படி ஊரைக் காட்டுவார்? அமுதன் கயலைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். பட்டியல் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

வாளித் தாத்தா நிலையத்திலிருந்தே தொடங்கினார். வெளியே வந்து இருபது அடி நடந்ததும் நின்று, கோலைப் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். "அமுதா, இப்போது திரும்பிப் பார். நடுவில் பெரிய குவிமாடம். கீழே நீளமான தாழ்வாரம். ஈப்போ மக்கள் இதைத் தாஜ்மகால் என்பார்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1917-இல் கட்டி முடித்தார்கள். வரும் வழியில் கோலாலம்பூரில் பழைய இரயில் நிலையத்தைத் தாண்டி வந்திருப்பாய். அதையும் வரைந்தவர் அவர்தான். அந்த ஊரின் ஜாமெக் பள்ளிவாசலும் அவருடையதுதான்."

அமுதன் திரும்பிப் பார்த்தான். அவர் சொன்ன இடத்தில் சொன்னபடியே குவிமாடம் வெயிலில் வெண்மையாக நின்றது.

நிலையத்தின் எதிரே இருந்த சதுக்கத்தில் ஒரு மரத்தை அவர் காட்டினார். ஊரின் பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது என்றால் பலரும் உடனே நம்புவதில்லை. ஆனால், ஈப்போ என்பது அந்த மரத்தின் பெயரேதான். அதன் பாலில் நஞ்சு உண்டு. ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழாயில் வைத்து ஊதும் அம்புகளின் முனையில் அந்தப் பாலைத் தடவி வேட்டையாடினார்கள். "அழகான ஊருக்கு நஞ்சு மரத்தின் பெயர்," என்று வாளித் தாத்தா சிரித்தார்.

பழைய நகரத்தின் கடைவீதிகளில் அவர் கோலைத் தட்டித் தட்டி நடந்தார். ஐந்தடி நடைபாதை எங்கே மேடேறுகிறது, எங்கே தாழ்கிறது என்பது அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. கிள்ளான் தாத்தாதான் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தார். ஒரு மூலையில் வாளித் தாத்தா மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். "இதோ, கோப்பிக் கடை."

ஈப்போவின் வெள்ளைக் கோப்பியின் நிறம் வெள்ளையன்று. மற்ற ஊர்களில் கோப்பிக் கொட்டையைச் சீனியுடன் சேர்த்துக் கரிய நிறம் வரும்வரை வறுப்பது வழக்கம். ஹைனான் தீவிலிருந்து இங்கு வந்த சீனர்கள் சீனி சேர்க்காமல் வெண்ணெய் போன்ற செம்பனை மார்ஜரினில் வறுத்தார்கள். அதனால் கொட்டை அதிகம் கறுக்கவில்லை, கசப்பும் குறைந்தது. சுண்டப் பால் ஊற்றிக் கலக்கிய அந்தக் கோப்பியைத் தாத்தாக்கள் இருவரும் கோப்பையிலிருந்து தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தார்கள். அமுதனுக்கு முதல் வாயிலேயே நாக்கு சுட்டுவிட்டது.

அன்று மாலை புந்தோங்கில் உள்ள வாளித் தாத்தாவின் வீட்டிற்குச் சென்றார்கள். புந்தோங் ஈப்போவில் தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதி. தைப்பூச நாளில் அங்குள்ள மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் காவடிகள் குனோங் செரோவில் உள்ள கல்லுமலை முருகன் கோவிலுக்குச் செல்லும். ஆனால், வாளித் தாத்தா முதலில் அழைத்துச் சென்றது கோவிலுக்கன்று. கச்சாங் பூத்தே விற்கும் தெருவிற்கு.

தெருமுனையிலேயே எண்ணெய் வாசம் வந்தது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இந்தத் தொழிலை இங்கே வளர்த்தன. பாரதியார் பிறந்த ஊர் அது என்பதை அமுதன் பள்ளியில் படித்திருந்தான். அந்த ஊருக்கும் தான் திரையரங்கில் வாங்கித் தின்னும் முறுக்குக்கும் தொடர்பு இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. வாளித் தாத்தா ஒரு கடையின் முன் நின்று, கோலால் தொடாமலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். "இங்கே வறுத்த கடலை. இது பூண்டு போட்ட பட்டாணி. அந்தக் கோடியில் இப்போதுதான் முறுக்கைச் சட்டியில் போட்டிருக்கிறார்கள், சத்தம் கேட்கிறதா?" கடைக்காரப் பெண்மணி ஒரு கை முறுக்கை அள்ளி அமுதனிடம் நீட்டினார். "இந்தத் தாத்தாவை ஏமாற்ற முடியாது தம்பி. எண்ணெய் ஒரு நாள் பழசு என்றாலும் கண்டுபிடித்துவிடுவார்."

மறுநாள் காலை வாளித் தாத்தாவின் மகள் மகிழுந்தை ஓட்டினார். அமுதன் அவரை அத்தை என்று அழைத்தான். முன் இருக்கையில் வாளித் தாத்தா. பின்னால் கிள்ளான் தாத்தா, அமுதன், கயல் ஆகிய மூவர். கோப்பேங் சாலையில் தெற்கு நோக்கிப் போனார்கள். அன்றைய நாளின் முடிவில் தஞ்சோங் துவாலாங்கில் ஈயக் கப்பலைப் பார்ப்பதாகத் திட்டம்.

ஊரைத் தாண்டியதும் இருபக்கமும் குன்றுகள் நெருங்கி வந்தன. வாளித் தாத்தா பேசிக்கொண்டே வந்தார். கிந்தா பள்ளத்தாக்கு எப்படி உண்டானது என்பதை அவர் கதைபோலச் சொன்னார்.

"பல கோடி வருடங்களுக்கு முன் இந்த இடமெல்லாம் கடல். கடலடியில் சிப்பிகளும் பவளங்களும் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறை ஆயிற்று. பிறகு பூமிக்கு அடியிலிருந்து கருங்கல் குழம்பு மேலே வந்தது. அதோடு ஈயமும் வந்தது. மழையும் ஆறும் மலையை அரித்து, ஈயத்தாதுவை இந்தப் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து கொட்டின. அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை பல்பல்லாக, குழி குழியாக இருக்கும். தாது அந்தக் குழிகளில் சிக்கிக்கொண்டது. நமக்காகவே சேர்த்து வைத்ததுபோல!"

நம் நாட்டில் ஈயம் என்று சொல்லப்படுவது வெள்ளீயத்தையே. தகரப் பெட்டிகள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்படும் உலோகம் அது. உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நாடாக மலாயா இருந்த காலத்தில், அதற்குப் பெருங்காரணமாக இருந்தது இந்தப் பள்ளத்தாக்குதான். ஈப்போ நகரின் மாளிகைகளும் வங்கிகளும் இரயில் நிலையமும் அந்தப் பணத்தில் எழுந்தவை.

சிம்பாங் பூலாயை நெருங்கும்போது வாளித் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். வளைவில் மகிழுந்து சாய்ந்ததை வைத்தே இடத்தைக் கண்டுகொண்டார். "அமுதா, இப்போது இடப்பக்கம் பார். யானை உட்கார்ந்திருப்பதுபோல ஒரு குன்று. தலை, முதுகு, கீழே தொங்கும் துதிக்கை. எங்கள் காலத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மிதிவண்டியில் ஈப்போவுக்கு வரும்போது இந்த யானையைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று பாடுவோம். நெட்டை, தெரிகிறதா?"

அமுதன் பார்த்தான். யானையின் முதுகு இருந்தது. தலையும் துதிக்கையும் இருந்த இடத்தில் செங்குத்தான வெட்டு ஒன்று வானத்தை நோக்கி எழுந்து நின்றது. அதன் காலடியில் மண்வாரி இயந்திரங்கள் நின்றன. சாலையோர இலைகள் எல்லாம் வெண்தூசி படிந்து நரைத்திருந்தன. மகிழுந்துக்குள் ஒருவரும் பேசவில்லை. அத்தை கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"தெரிகிறதுடா," என்றார் கிள்ளான் தாத்தா. "அப்படியேதான் இருக்கிறது."

வாளித் தாத்தா திருப்தியுடன் சாய்ந்துகொண்டார். அமுதனின் காதுகள் சூடேறின. பொய் சொன்னவர் தாத்தா. அவனுக்குத் தெரிந்து அவர் பொய் சொன்னதே இல்லை.

கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை இருக்கிறது. வாளித் தாத்தா கீழே மர நிழலில் நண்பரோடு உட்கார்ந்துவிட்டார். கயலும் அமுதனும் மட்டும் மேலே ஏறினார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் ரப்பர்த் தோட்டத்தில் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. செங்கல்லும் தொழிலாளர்களும் மதராஸிலிருந்து வந்தார்கள். மலாயாவிலேயே முதல் மின்தூக்கியை இங்கே அமைக்க ஸ்மித் திட்டமிட்டிருந்தார். கட்டடம் எழும்போதே ஸ்பானியக் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோவில் கட்ட வேண்டும் என்று எஞ்சியவர்கள் கேட்க, ஸ்மித் அருகிலேயே கட்டிக் கொடுத்தார். அந்தக் கோவிலின் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒருவர் நிற்கிறார். அவர்தான் ஸ்மித் என்கிறார்கள். 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோனார். மாளிகை முடிவுறாமலேயே நின்றுவிட்டது. மின்தூக்கிக்காக விட்ட இடம் இன்றும் வெறும் குழியாகவே இருக்கிறது.

மாளிகையைவிடக் கோவிலே தனக்குப் பிடித்தது என்று கயல் சொன்னாள். அதைக் கட்டியவர்கள் தங்களுக்காகக் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான் என்றாள்.

அமுதன் மாடத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தான். இரண்டு நரைத்த தலைகள் மரத்தடியில் நெருங்கியிருந்தன.

"அக்கா, அந்தக் குன்றைப் பற்றித் தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லையா?"

கயல் உடனே பதில் சொல்லவில்லை. "அவருக்குப் பார்வை போன பிறகுதான் அந்தப் பக்கம் வெட்டினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த யானையைக் காட்டுவார். எப்படிச் சொல்வது? முதல் முறை அம்மா 'ஆமாம்' என்றார். பிறகு எல்லாரும் 'ஆமாம்' என்றே சொல்லிவிட்டோம்."

"எதற்காக வெட்டுகிறார்கள்?"

"சிமெண்டுக்கு. பளிங்குக்கு. பற்பசையிலும் காகிதத்திலும் சாயத்திலும்கூடச் சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறார்கள். காலையில் நாம் பல் துலக்கினோமே!" கயல் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள், புவியியல் அவளுக்குப் பிடித்த பாடம். "குன்றுகளின் குகைகளில் வௌவால்கள் இருக்கின்றன. அவைதாம் இரவில் பறந்துபோய் டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. குன்று போனால் வௌவால் எங்கே போகும்? 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கைத் தேசியப் புவிப்பூங்காவாக அறிவித்தார்கள். அதற்காக எல்லாக் குன்றுகளும் தப்பித்துவிட்டன என்று சொல்ல முடியாது."

அமுதன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.

பத்து காஜாவைக் கடந்து தஞ்சோங் துவாலாங் சாலையில் சென்றபோது இரு பக்கமும் ஈயக் குட்டைகள் வந்தன. சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். தஞ்சோங் துவாலாங்கின் பெரிய நன்னீர் இறால்களைத் தின்பதற்காகவே வெளியூரிலிருந்து வருபவர்கள் உண்டு. ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாகத் தெரிந்தது. ஆலையா, கப்பலா என்று சொல்ல முடியாத ஒரு தோற்றம்.

"டிடி ஐந்து," என்றார் கிள்ளான் தாத்தா. அவர் குரல் கரகரத்தது.

தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உள்ள மிதவையின் மேல் அது நிற்கிறது. கடலுக்குப் போகாத கப்பல் அது. தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்து 44 ஆண்டுகள் உழைத்தது. முன்பக்கத்தில் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் நீருக்குள் இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வரும். மேலே சல்லடைகளில் நீரைப் பீய்ச்சிக் கற்களைப் பிரிப்பார்கள். பிறகு அந்தச் சேறு தொட்டிகளுக்குப் போகும். ஈயத்தாது மணலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. தொட்டி நீர் குலுங்கக் குலுங்கத் தாது அடியில் தங்கும். மணல் மேலாக ஓடிவிடும். அந்த மணலைக் கப்பல் தன் பின்பக்கத்தில் கொட்டிவிட்டு முன்னே நகரும். இப்படி முன்னே தோண்டி, பின்னே நிரப்பி, குளத்தையும் இழுத்துக்கொண்டே அது பள்ளத்தாக்கில் ஊர்ந்தது.

வழிகாட்டி இளைஞர் வரவேற்று விளக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடங்களில் அவர் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார். ஏனென்றால், வாளித் தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார். கப்பலுக்குள் கால் வைத்ததும் அவர் கோலை மடக்கிக் கயலிடம் கொடுத்தார். கைப்பிடிக் கம்பியைத் தடவியபடி நடந்தார்.

"இங்கே ஒரு படி. நெட்டை, தலையைக் குனி. இருபது வயதில் இங்கேதான் இடித்துக்கொண்டு நெற்றியில் மூன்று தையல் போட்டாய்."

"அது அந்தப் பக்கமடா," என்றார் கிள்ளான் தாத்தா. சொல்லி முடிப்பதற்குள் இரும்பு உத்தரம் அவர் தலையில் தட்டியது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்; அவரும் சிரித்தார்.

முன்பக்கத்தில் பெரிய வாளிகள் வரிசையாக அசையாமல் தொங்கின. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அவை பெரியவை. வாளித் தாத்தா ஒன்றின் விளிம்பைத் தடவினார். பிறகு அமுதனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். விளிம்பு தேய்ந்து அலை அலையாக இருந்தது.

"கல்லில் உரசி உரசித் தேய்ந்தது. இரவும் பகலும் ஓடும். கடகடவென்று ஓர் இரைச்சல். பல கல் தொலைவுக்குக் கேட்கும். கப்பல் நின்ற அன்று இரவு என் அம்மா தூங்கவில்லை. குழந்தைகளும் எழுந்து அழுதன. சத்தம் நின்றதுதான் காரணம். மூன்று வருடம் கழித்து, 1985-இல், உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. மற்றச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. பள்ளத்தாக்கு முழுவதும் அமைதியாகிவிட்டது."

சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்: "அமுதா, காலையிலிருந்து கேட்க நினைத்தேன். யானையைப் பார்த்தபோது நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. பிடிக்கவில்லையா?"

அமுதன் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயல் மடக்கிய கோலை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாளியின் மேல் வைத்த கையை அமுதன் எடுக்கவில்லை. அதன் மேல் வாளித் தாத்தாவின் கையும் இருந்தது.

"யானையின் தலை இல்லை, தாத்தா," என்றான். "வெட்டிவிட்டார்கள். முதுகு மட்டும் இருக்கிறது."

நீரில் ஒரு மீன் துள்ளிய சத்தம் கேட்டது. வாளித் தாத்தாவின் கை அசையவில்லை.

"துதிக்கை?"

"அதுவும் இல்லை."

"வெட்டிய இடம் என்ன நிறத்தில் இருக்கிறது?"

"வெள்ளை. தேங்காயை உடைத்ததுபோல வெள்ளை. நடுநடுவே காவிக் கோடுகள் ஓடுகின்றன. கீழே இலைகளில் எல்லாம் தூசி."

"அதுதான்," என்றார் அவர் மெதுவாக. "அந்த வளைவில் கண்ணாடியை இறக்கினால் கயலின் அம்மா உடனே ஏற்றச் சொல்வாள். வெயில் என்பாள். தூசியா!" பிறகு முகத்தைத் திருப்பி, "நெட்டை!" என்று அழைத்தார். இந்த முறை திசை தவறவில்லை. "அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னாயே, பாவி!"

"நீ நான்கு வருடம் கண்ணை மறைத்தாய். நான் ஒரு குன்றை மறைத்தேன்."

"இரண்டும் ஒன்றா?"

"ஒன்றில்லைதான்," என்று ஒப்புக்கொண்டார் கிள்ளான் தாத்தா. "ஆனால், நீ அந்த யானையைச் சொன்னபோது உன் முகம் இருபது வயது முகமாக இருந்ததடா. எனக்கு வாய் வரவில்லை."

வாளித் தாத்தா நீண்ட நேரம் பேசாமல் நின்றார். வழிகாட்டி இளைஞர் நாகரிகமாகச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கோபம் வரும் என்று அமுதன் காத்திருந்தான். ஆனால், அவர் வாளியை விரலால் தட்டிப் பார்த்தார். இரும்பு மந்தமாக ஒலித்தது.

"வெட்டுகிறவர்களைத் திட்டலாம் என்றால் வாய் கூசுகிறது. இந்த வாளியால் நாங்கள் தோண்டாத தோண்டலா? அங்கே நெல் வயல் இருந்தது, இங்கே காடு இருந்தது என்று எங்களுக்கு முன்னால் இருந்த கிழவர்கள் சொல்வார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டே எண்ணெய் தடவினோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டுமே!" சற்று நிறுத்தினார். "குட்டைக்காவது நீர் வந்தது, மீன் வந்தது. வெட்டிய குன்று திரும்ப முளைக்காது."

திரும்பும் வழியில் முன் இருக்கையில் அமுதன் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் பின்னால், நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலையில் நான் காட்டினேன். இப்போது நீ காட்டு. இருப்பதைச் சொல்; ஒன்றையும் விடாதே."

அமுதனுக்கு முதலில் சொற்கள் கிடைக்கவில்லை. "ஒரு குட்டை," என்றான். "மரங்கள்."

"என்ன மரம்?"

"பச்சையாக..."

"எல்லா மரமும் பச்சைதான்," என்றார் வாளித் தாத்தா. கயல் களுக்கென்று சிரித்தாள்.

அடுத்த குட்டையில் அவன் கூர்ந்து பார்த்தான். நீர் பச்சையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. பழைய கண்ணாடிப் புட்டியின் நிறத்தில் இருந்தது. கரையில் மணல் திட்டு. அதில் புல்கூட முளைக்கவில்லை. ஒருவர் குடை பிடித்துக்கொண்டு தூண்டில் போட்டிருந்தார். பட்டுப்போன மரமொன்றின் கிளைகளில் கொக்குகள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். "கொக்கு எத்தனை?" என்று கேட்டார் அவர். மகிழுந்து கடந்துவிட்டிருந்தது. அத்தை வேகத்தைக் குறைத்தார். அமுதன் கழுத்தைத் திருப்பி எண்ணினான். பதினேழு. கிள்ளான் தாத்தா பதினெட்டு என்றார். அதைப் பற்றிப் பத்து காஜாவரை வாக்குவாதம் நடந்தது.

கோப்பேங் தாண்டியதும் பேச்சு குறைந்தது. மாலை வெயில் குன்றுகளின் மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. சிம்பாங் பூலாயின் வளைவு வந்தது. மகிழுந்து இந்த முறை மறுபக்கமாகச் சாய்ந்தது.

"நிறுத்தம்மா," என்றார் வாளித் தாத்தா.

அத்தை சாலையோரமாக நிறுத்தினார். இயந்திரங்கள் வேலையை முடித்திருந்தன. அமுதன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். பின்னாலும் ஒரு கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. சுண்ணாம்பின் உலர்ந்த மணம் உள்ளே வந்தது. யாரும் அதை ஏற்றச் சொல்லவில்லை.

"உச்சியிலிருந்து தொடங்கு," என்றார் வாளித் தாத்தா.